லேப்டாப்பில் மாட்டிய பத்திரிகை

“தலைகீழா புடிச்சு உலுக்கினா ஃபைல் கொட்டாது தம்பி. இப்டி குடு” என்று கையை நீட்டினாள் ஃபரீதா.

நாகேஷ் அசடு வழிந்தபடி லேப்டாப்பைக் கொடுத்தான். நேற்று அதன்மேல் காபி கொட்டிவிட்டதாம். அதிலிருந்து உயிரே இல்லை. பட்டனை அழுத்தி அழுத்தி அவன் கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம்.

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் ஃபரீதாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை, நாலு பேர் வந்தாலே நிறைந்துவிடும். இன்று ஒரே லேப்டாப்போடு நாலு பேர் வந்திருந்தார்கள். நாகேஷ், அவன் அம்மா ஜம்பகம், ஸ்வர்ணா என்ற பெண், அவளுடைய அப்பா பஞ்சாட்சரம். இருந்த இரண்டு ஸ்டூல்களில் பெரியவர்கள் உட்கார, சின்னவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அப்படி என்ன இருக்குது இதுல?”

“கல்யாணப் பத்திரிகை அக்கா. சாயந்திரத்துக்குள்ள பிரஸ்ல குடுக்கணும். அடுத்த ஞாயித்துக்கெழம மலைக்கோயில்ல கல்யாணம்.”

ஃபரீதா அவனையும் ஸ்வர்ணாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரியாப் போச்சு. அதுமேலயா காபிய கொட்டின?”

“நானில்லக்கா, இவ!”

“கீபோர்டு பக்கத்துல டம்ளர வெச்சது யாரு? அத கேளுங்கக்கா மொதல்ல!”

“கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சா? நடக்கட்டும், நடக்கட்டும்.” ஃபரீதா சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். “பத்திரிகைதானே? மறுபடி டைப் அடிச்சா அர மணி நேரம். இதுக்கா இவ்ளோ கவல?”

“அப்டி சொல்லாதம்மா” என்றாள் ஜம்பகம். “இந்தக் கல்யாணமே வேணாம்னு ஒரு வருஷமா முறுக்கிகினு இருந்தவன் இவன். போன வாரம் யாரும் சொல்லாமலே உக்காந்து அத எழுதினான். ஒரே ஒரு தபா படிச்சுக் காட்டினான். ஒரு எழுத்து மாறாம அத அச்சுல பாக்கணும் எனக்கு.”

“காலையிலருந்து நாலு தபா எழுதிப் பாத்துட்டேன்க்கா” என்றான் நாகேஷ், தரையைப் பார்த்தபடி. “அன்னிக்கு வந்த மாதிரி வரல.”

ஃபரீதா ஸ்க்ரூவைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு அவனை முறைத்தாள். “இவ்ளோ லட்சணமான பொண்ணு நிக்குது. ஒரு வருஷம் வேணாம்னியா நீ?”

ஸ்வர்ணாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அக்கா, அது வந்து...” என்று ஆரம்பித்த நாகேஷின் முழங்கையில் அவள் நறுக்கென்று கிள்ளினாள்.

“பொறுமையா பாரும்மா. அவசரமில்ல” என்று முதல்முறையாக வாயைத் திறந்தார் பஞ்சாட்சரம்.

“அவசரமில்லயா? நீங்க சித்த பேசாம இருங்க” என்றாள் ஜம்பகம். அவர் உடனே வாயை மூடிக்கொண்டார்.

நல்ல சம்பந்திகள்தான் என்று நினைத்துக்கொண்டாள் ஃபரீதா. “சம்பந்திங்க ரெண்டு பேருக்கும் டீ சொல்லட்டுமா?”

பஞ்சாட்சரத்துக்குப் புரையேறியது. ஜம்பகம் சுவரில் தொங்கிய மவுஸ்களை எண்ணுகிறவள்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லேப்டாப் திறந்துகொண்டது. உள்ளே காபி வாசனை. “போர்டு போச்சு. ஆனா ஃபைல்லாம் இருக்கறது இதுல” என்று உள்ளங்கை அகலத் தகட்டு டப்பா ஒன்றை உருவினாள் ஃபரீதா. “இந்த ஹார்ட் டிஸ்க் தப்பிச்சிருந்தா நீங்களும் தப்பிச்சீங்க.”

அதைத் துடைத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. “முருகா” என்றாள் ஜம்பகம். ஃபரீதா ஒயரை மாற்றினாள். சின்னதாக ஒரு பச்சை விளக்கு மினுக்கியது. திரையில் வரிசையாக ஃபைல்கள் வந்து நின்றன.

“ஆங், இதான்! இதான்க்கா!” நாகேஷ் ஒன்றைத் தொட்டுக் காட்டினான்.

திறந்தால், பக்கம் முழுக்க ஒட்டாத இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குப்பை.

“போச்சு. காபி எழுத்தெல்லாத்தையும் தின்னுட்சு” என்றாள் ஜம்பகம். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பஞ்சாட்சரம் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

“ஐயோ, அழாதீங்கம்மா. ஒண்ணும் ஆவல. உங்க புள்ள அடிச்ச தமிழ் ஃபான்ட் என் கம்ப்யூட்டர்ல இல்ல, அவ்ளோதான். அதுவும் இந்த டிஸ்க்லதான் இருக்கும்.”

தேடினாள். கிடைத்தது. இழுத்துப் போட்டுவிட்டு ஃபைலை மறுபடி திறந்தாள். குப்பையாகக் கிடந்ததெல்லாம் அழகழகாகத் தமிழாகி நின்றது.

வாசலில் நின்ற இருவரும் சேர்ந்து கை தட்டினார்கள். ஜம்பகம் எழுந்து வந்து திரையைத் தடவாத குறையாகப் பார்த்தாள். “கண்ணாடி எடுத்தாரல. நீயே படிம்மா, சத்தமா.”

ஃபரீதாவின் கண் முதல் வரியில் ஓடி, சட்டென்று நின்றது. திரும்பி ஜம்பகத்தைப் பார்த்தாள். பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள்:

“எங்கள் அம்மா ஜம்பகத்துக்கும், எங்கள் நைனா பஞ்சாட்சரத்துக்கும் நாங்கள் கல்யாணம் செய்து வைக்கிறோம். அவசியம் வந்து வாழ்த்துங்கள். இப்படிக்கு, மணமகளின் மகன் நாகேஷ், மணமகனின் மகள் ஸ்வர்ணா.”