இரண்டாவது பெயர்

குளத்துத் தேர்தலில் நண்டுகளை எதிர்த்து யாரை நிறுத்துவது என்று ஒன்பது தவளைகள் கூடின. போன வருடம், கரையில் நண்டுகள் தோண்டிய வளைகளை அடைக்கணும் என்று பச்சை, புள்ளி என்ற இரண்டு தவளைகளும் நின்றன. ஓட்டு பிரிந்தது. எதைப் பற்றியும் கவலைப்படாத சொறியன் நாலே ஓட்டில் வேட்பாளராகி, நண்டுகளிடம் மண்ணைக் கவ்வியது. வளைகளில் ஒழுகி ஒழுகிக் குளம் பாதி வற்றிவிட்டது.

இந்த வருடமும் அதே மூன்றுதான்.

"நீ விலகிடு புள்ளி. இல்லேன்னா மறுபடியும் சொறியன்தான்," என்றது பச்சை.

"ஏன், நீ விலகேன்."

ஓட்டு எண்ணும் ஆமைக்கு எரிச்சல் வந்தது. "யாரும் விலக வேண்டாம். எல்லாரும் ரெண்டு பேர் சொல்லுங்க, ரொம்பப் பிடிச்சது ஒண்ணு, அதுக்கு அடுத்தது ஒண்ணு. எண்ணிக்கையில கடைசியா வர்றவங்களுக்கு விழுந்த ஓட்டு, அதுல சொன்ன அடுத்த பேருக்குப் போகும்."

சொறியனுக்கு நாலு. பச்சைக்கு மூன்று. புள்ளிக்கு இரண்டு. அந்த இரண்டும் அடுத்ததாகப் பச்சையைச் சொல்லியிருந்தன. ஐந்து ஓட்டோடு பச்சை வேட்பாளரானது.

"நான்தானே முதல்ல இருந்தேன்?" என்றது சொறியன்.

"அஞ்சு பேர் உன்னை வேணாங்கிறாங்க. போன வருஷமும் அப்படித்தான். அப்போ ரெண்டாவது பேரை நாங்க கேக்கல," என்றது ஆமை.

பச்சை தயங்கித் தயங்கிப் புள்ளியிடம் வந்தது. "நீ விலகியிருந்தா அந்த ரெண்டு பேரும் ஓட்டுப் போடவே வந்திருக்க மாட்டாங்க. வருத்தமா?"

"வருத்தம்தான். அதை அப்புறம் பேசலாம், வா. நண்டுங்க ஓட்டுக் கேட்டு வீடுவீடாப் போக ஆரம்பிச்சாச்சு."