அவசர வண்டி

“ஆள் வந்து கூப்பிட்டா, அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரியில நிக்கணும் தம்பி. இந்தக் காரு மாட்டுவண்டியாட்டம் போவுது,” என்றார் ஞானப்பிரகாசம்.

டாக்டர் வரத் தாமதமானதால் மனைவியைப் பறிகொடுத்த மெக்கானிக் குழந்தைவேலுவுக்கு அது போதும். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இருந்த தன் பட்டறையில் இரண்டு நாள் சோறு மறந்து உழைத்தான். பெரிய கார்புரேட்டர் பொருத்தினான். கதவுகளைக் கழற்றி எடையைக் குறைத்தான்.

“கூலி வேணாங்கய்யா. யாராச்சும் பொழைச்சாப் போதும்.”

ஞானப்பிரகாசம் முகம் சுளித்தார். கேலாங் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பியதும் அவன் முதுகில் தட்டினார்.

“பிரமாதம்ப்பா! இனி உசுரு போறதுக்குள்ளயே போயிடலாம். எனக்கு முந்தி வேற எந்தச் சவப்பெட்டிக்காரனும் பொணத்துக்கு அளவெடுக்க முடியாது!”

அவர் கைபட்ட சட்டையைக் கழற்றிப் பட்டறை உலையில் எறிந்தான் குழந்தைவேலு.