கோடரசன் வாங்கிய கடலை

"இந்த அணிலுங்க வருஷா வருஷம் அனுப்புற மூணு சிரட்டைக் கடலை நம்ம ஒரு பந்திக்கே காணாதுடா" என்று ஆலமரத்தின் மேல்கிளையில் ஒரு குரங்கு தன் கூட்டாளியிடம் சலித்துக்கொண்டது. கீழே நார் உரித்துக்கொண்டிருந்த வாலாயி என்ற அணிலின் கை அப்படியே நின்றுவிட்டது.

மூன்றுதானா? குரங்கரசருக்குத் திறை கட்ட வேண்டும் என்று சொல்லி, அணில் ராஜா கோடரசன் வீட்டுக்கு ஒரு சிரட்டை அல்லவா வாங்குகிறார்! அணில்கள் குடியிருக்கும் புளியமரத்தில் முப்பது வீடுகள். போன மழைக்கு வாலாயியின் பிள்ளைகள் வெறும் புளியங்கொட்டையைச் சூப்பிக்கொண்டு கிடந்தன.

பொழுது சாய்வதற்குள் அவள் முப்பது பொந்துகளிலும் ஏறி இறங்கிவிட்டாள்.

திறை நாளன்று மரத்தடிக்கு மூன்றே மூன்று சிரட்டைகள்தான் வந்தன.

"மீதி எங்கே?" என்று கோடரசன் வாலைத் தூக்கினார்.

"அவங்கவங்க பொந்துல பத்திரமா இருக்கு, மகாராஜா. இதை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்திடறோம்" என்றாள் வாலாயி.

"வழியெல்லாம் பருந்து, தாயி! என் காவலர்களே உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறாங்க."

"ரெண்டு காவலரைப் பிடிக்காத பருந்து, எங்க அத்தனை பேரையும் பிடிச்சிடுமாக்கும்!"

மரம் முழுவதும் கீச்கீச்சென்று சிரிப்பு.

முப்பது வீட்டு அணில்களும் கூச்சலிட்டபடி சிரட்டைகளைக் குரங்குகளின் ஆலமரம்வரை இழுத்துப் போயின. குரங்கரசர் எட்டிப் பார்த்து, "வழக்கமான அளவுதான், சரி" என்று கொட்டாவி விட்டார்.

அன்று மாலை எல்லாப் பொந்துகளிலும் கடலை உடைக்கும் சத்தம் கேட்டது. கோடரசன் மெல்ல இறங்கி, கடலைக்காட்டில் தானே மண்ணைத் தோண்டத் தொடங்கினார்.