இரண்டாவது பில்

"திரை வெள்ளையா நின்னுதுன்னு சொன்னியே, உடனே மறுபடியும் அமுக்கினியா? இல்ல, கொஞ்சம் பொறுத்தா?" என்று கேட்டாள் சுஷமா.

ஷம்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலையை விட்டுப் போகச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை கடைசி நாள். அதற்குள், பில் போடும் சாஃப்ட்வேரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் இந்தச் சேச்சியிடம் ஒப்பித்துவிட்டுப் போக வேண்டுமாம். அவள் இடத்துக்கு வரப்போகும் ஏஐ ஏஜென்ட் படித்துக்கொள்ள ஒரு கையேடு வேண்டும். அதை எழுதத்தான் முதலாளி தினேசன் சுஷமாவைக் கூட்டி வந்திருந்தார்.

"பொறுத்துத்தான் அமுக்கினேன். பில் போச்சா இல்லையான்னு அது ஒண்ணும் சொல்லலை. அதனால ரெண்டாவது தடவை அமுக்கினேன். ரெண்டு பில்லும் போயிடுச்சு. சரக்கு வாங்கின பேப்பூர் கோயாஹாஜி போன்ல காய்ச்சி எடுத்தார். சார் எல்லார் முன்னாடியும், 'தலைக்குள்ள என்ன, தேங்கா நாரா?'ன்னு கேட்டார், வேலையை விட்டும் நிறுத்தினார். போதுமா சேச்சி?"

சுஷமா குறித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஷம்னா வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் ஒரு வரி எழுதித் தரவில்லை. பக்கத்து மேஜைக்காரி கொஞ்ச நேரம் காட்டிக் கொடுத்ததோடு சரி. சந்தேகம் கேட்டால், "கண்ணு இல்லையா?" என்பார் தினேசன். இந்த ஏஜென்ட்டுக்கோ, எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும், ஏன் நிரப்ப வேண்டும், தவறினால் எப்படித் திருத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் உதாரணத்தோடு விளக்கம்.

"எங்க வீட்டுப் புதுமாப்பிள்ளைக்குக்கூட இப்படிப் பரிமாறினதில்லை."

"செரிக்கணும்ல மோளே," என்றாள் சுஷமா, தலை நிமிராமல்.

வெள்ளிக்கிழமை சோதனை. தினேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். "எங்க, நம்ம புது ஆள் கைவரிசையைக் காட்டட்டும்."

ஏஜென்ட் கையேட்டைப் படித்தது. சோதனைக்காக வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் பெயரில் பில் போட்டது. திரை வெள்ளையாக நின்றது. பதில் வரவில்லை. மறுபடியும் அனுப்பியது.

ஒரே சரக்குக்கு இரண்டு பில்.

ஷம்னா தினேசனின் முகத்தையே பார்த்தாள். இதோ, கத்தப் போகிறார்.

கத்தவில்லை.

"பாவம், அது என்ன பண்ணும்? பதில் வரலைன்னா என்ன செய்யணும்னு யாராவது சொல்லியிருந்தாத்தானே தெரியும்?" சுஷமாவின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுட்டீங்களே மேடம். தப்பு முழுக்க எழுதினவங்க மேல. இனிமே உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நான் யோசிக்கணும்."

"என் தப்புதான் சார்," என்றாள் சுஷமா.

அதற்குமேல் ஷம்னாவால் முடியவில்லை.

"எனக்கு யார் சார் சொன்னா?"

மற்ற மேஜைகளில் சத்தம் நின்றது.

"நானும் இதையேதான் பண்ணினேன். அதே வெள்ளைத் திரை, அதே ரெண்டு பில். அது செஞ்சா பாவம், நான் செஞ்சா தேங்கா நாரா? இந்த வேலை போச்சுன்னா அதுக்கு ஏதாவது வலிக்குமா? வீட்டுல போய் உம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு அது முழிக்குமா?"

தினேசன் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடோ, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எழுந்தார். "ஹாஜிகிட்ட நான் பேசிக்கறேன், கோளாறு சாஃப்ட்வேர்லதான்னு. நீ திங்கக்கிழமை வழக்கம்போல வா."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷம்னாவுக்குக் கோபம் அடங்கவில்லை. மிச்சமிருந்தது சுஷமாவின் மேல் பாய்ந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சேச்சி! குறிச்சுக்கவும் செஞ்சீங்க. ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட திரும்பப் போய்ப் பார்க்கிற ஆளு நீங்க. மத்ததுக்கெல்லாம் அத்தனை விளக்கம், என் வேலையைத் தின்ன விஷயம் மட்டும் மறந்துபோச்சு, இல்ல? அவ்வளவுதான் உங்களுக்கு நான்!"

சுஷமா வேறொரு கோப்பைத் திறந்தாள். அதிலிருந்த ஒரே ஒரு பத்தியை எடுத்துக் கையேட்டின் நடுவில் ஒட்டினாள்.

'பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பக் கூடாது. முதல் பில் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது சாஃப்ட்வேரின் கோளாறு; பயன்படுத்துபவரின் தவறு அல்ல.'

ஷம்னா அதை இரண்டு தடவை படித்தாள்.

"இதை எப்ப எழுதினீங்க?"

"நீ சொன்ன அன்னிக்கே, மோளே. இன்னிக்குக் காலையிலதான் கையேட்டுல இருந்து வெளியே எடுத்து வச்சேன்."