துணைக்கு வந்தவள்

வயிற்றில் கட்டி கணவர் மாசிலாமணிக்குத்தான் என்றார்கள். தில்லைநாயகி துணைக்கு வந்தவள். துணைக்கு வந்தவளுக்கும் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள் என்று கேட்டதற்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம் என்றார் அவர். அப்படிச் சொன்னவர் காலையில் கேண்டீனில் நாலு பூரியை ஒரு கை பார்த்திருந்தார்.

நோயாளிகளின் மனநிலையை ஆராய்ச்சி செய்யும் பெண் வந்தாள். அவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, சாவைப் பற்றி நினைப்பதுண்டா... கேள்விகள் இருபதைத் தாண்டின.

"ஏம்மா, சீக்காளிய விட்டுட்டு என்னையே கேக்கிற?"

"எல்லாரையும் கேக்கிறதுதாம்மா," என்றவள் நிமிராமல் எழுதினாள்.

"ஏங்க, அந்த ஃபைலக் குடுங்க."

அவர் நீட்டினார். பெயர் எழுதிய இடத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. தில்லைநாயகி பிடித்து இழுத்தாள். சிரித்த முகம் மாறாமல் அவர் இன்னும் அழுத்திப் பிடித்தார்.