குறையில்லாத ஹோட்டல்

“பாத்ரூம் பூரா கரப்பான்,” என்று சொல்லிக்கொண்டே தம்புசாமி காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். “ஒன்னா ரெண்டா, கமிட்டி மீட்டிங் மாதிரி கூடி உக்காந்திருக்கு. அங்கெல்லாம் நீ தங்க முடியாது புஷ்பம்.”

தாய்லாந்தின் ஹட்யாய் நகரத்தில் அவர் வேண்டாம் என்று தள்ளிய மூன்றாவது ஹோட்டல் அது. முதல் ஹோட்டலில் கார் நிறுத்த இடமில்லை. போன மாதம்தான் வாங்கிய புரோட்டான் சாகாவைத் தெருவிலா விடுவது? இரண்டாவதில் மெத்தை குழி விழுந்திருந்ததாம்.

மனைவி புஷ்பவல்லி குனிந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். மலேசியாவின் கிள்ளானிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, உட்கார்ந்தபடியே எல்லை தாண்டி வந்ததில் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

“கரப்பான் இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. காலை நீட்டிப் படுக்க ஒரு கட்டில் போதும் எனக்கு.”

“அப்படி விட முடியாதுலா. வாசலப் பாத்தே ஹோட்டல எடை போட்டுடுவேன் நான்.”

அதில் மட்டும் பொய்யில்லை. மூன்று ஹோட்டலிலும் அவர் வாசலைத் தாண்டவே இல்லை. கண்ணாடிக் கதவு வழியாக, கவுன்டரில் அதே பழைய ஆள்தானா என்று எட்டிப் பார்த்தார். அதே ஆள்தான். திரும்பி வந்துவிட்டார்.

தம்புசாமி கிள்ளான் துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தா, தொழிற்சங்கச் செயலாளர், கோயில் கமிட்டியில் துணைத் தலைவர். வருஷத்துக்கு இரண்டு முறை ‘அலோர் ஸ்டார்ல யூனியன் கோர்ஸ்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்குவார். கோர்ஸ் நடப்பது என்னவோ எல்லைக்கு இந்தப் பக்கம், ஹட்யாயில். பாடம் எடுப்பவர்கள் எல்லாரும் பெண்கள்.

“ஊர்ல எல்லாரும் போறாங்க. புதுக் கார்ல அம்மாவ ஒருவாட்டி ஹட்யாய் கூட்டிட்டுப் போனா என்னப்பா?” என்று மகள் பிடிவாதம் பிடித்தபோது, மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. இப்போது எவனாவது ஒருத்தன் ‘ஹலோ தம்பு பாஸ்’ என்று பல்லைக் காட்டினால் போதும், இருபத்தாறு வருஷக் குடித்தனம் அந்தக் கவுன்டரிலேயே கணக்குத் தீர்ந்துவிடும்.

யாருமே தன்னை அறியாத ஒரு ஹோட்டல் வேண்டும். சட்டென்று யோசனை வந்தது.

“சோங்க்லா போயிடுவோம் புஷ்பம். கடற்கரை ஊரு. அரை மணி நேரத்துல போயிடலாம்.” அந்த ஊரில் அவர் கால் வைத்ததே கிடையாது.

புஷ்பவல்லி ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினாள். “கடக்காத்து எனக்கு ஒத்துக்காதுங்க,” என்றாள் மெதுவாக.

“காத்துக்குக்கூடவா பத்தியம்?” என்று காரைத் திருப்பினார்.

சவுக்கு மரங்களுக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன விடுதி. இரண்டு மாடி, வெள்ளைச் சுவர், வாசல் நிறையக் காகிதப்பூ. பார்த்ததுமே தம்புசாமிக்கு மூச்சு சீராக வந்தது. பிரேக்கை அழுத்தினார்.

“இது வேணாங்க. வேற பாப்போம்.”

“ஏன்?”

“சுவரெல்லாம் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு.”

“சாயம் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல. நல்லா பாரு.”

“மேல் மாடிக் குழாயில தண்ணி நூலு மாதிரிதாங்க வரும்.”

தம்புசாமி ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “கார்ல உக்காந்துக்கிட்டே குழாயத் திறந்து பாத்துட்டியா? என்கூடச் சுத்திச் சுத்தி உனக்கும் இந்த வித்தை வந்துடுச்சு.”

“சிரிக்காதீங்க. கால்வலி இப்ப பரவால்ல. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாக்கலாம்.”

“வீங்கின காலோட எங்க போறது? உன் புருஷன் கல்நெஞ்சுக்காரன் இல்ல. இறங்கு.”

அன்றைக்கு முதல்முறையாக அவர் ஒரு ஹோட்டல் கதவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திறந்தார். இரண்டு கையிலும் பெட்டி, விரலில் கார் சாவி. பின்னால் புஷ்பவல்லி, கடற்காற்றுக்குப் பயந்தவள்போல முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்தாள்.

கவுன்டரில் பொட்டு வைத்த ஒரு பெண். பேச்சுக் குரல் கேட்டு நிமிர்ந்தாள்.

“தமிழா? வாங்கண்ணே. நானும் உங்க நாடுதான், சுங்கை பட்டாணி. தாய்லாந்துக்காரரக் கட்டிக்கிட்டு இங்க வந்துட்டேன்.”

“நாங்க கிள்ளான்மா,” என்றார் தம்புசாமி. பிறகு, மனைவிக்கும் நன்றாகக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். “இந்தத் தாய்லாந்து பக்கம் நான் தலை வச்சுப் படுத்ததே இல்ல. இதான் மொத தடவை.”

அந்தப் பெண் அவருடைய தோளைத் தாண்டிப் பின்னால் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, கவுன்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். புஷ்பவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, இந்தத் தடவை அண்ணன் வராம டிரைவரோட அனுப்பிட்டாரா?”