மெட்டிக் கால்

கூட்டம் வராத ஓடைக்கரைப் பாதை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருசன் பிழைக்க வேண்டுமென்று மலைக்கோயிலுக்கு வெறுங்காலில் நடந்துவந்த வெள்ளத்தாயிக்குக் கொப்புளம் பழுத்து உடைந்து சீழ் வடிந்தது. பாதி வழிவரை காரில் வந்து இறங்கிய கிருபாகரன் அந்தக் காலைத்தான் செல்போனில் வளைத்து வளைத்துப் படம் பிடித்தான்.

"யாத்திரை குரூப்புல என் காலுன்னு போட்டுக்கிறேன்க்கா. கொஞ்சம் அமுக்கி விடுங்க, நல்லா வடியட்டும்."

கால்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

"அந்த மெட்டி காட்டிக் குடுத்துரும். ஒரு நிமிசம் கழட்டிருங்களேன்."

வெள்ளத்தாயி மெட்டியைக் கையால் பொத்திக்கொண்டாள். எழுந்துபோய் அவனுடைய வெள்ளை ஷூவின்மேல் அந்தக் காலை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"இந்தாடா. இப்ப உன் காலையே படம் எடு."